என் கால் தரையில் படாமல் பார்த்துக்கொண்ட மகன்

பெயர் ஓபுலம்மா. கணவர் பெயர் கொண்டாரெட்டி, காலமாகிவிட்டார். வயது எழுபத்து மூன்று; ஆதார் அட்டையில் அறுபத்தெட்டு என்றிருப்பது என் மகன் சொல்லி எழுதியது, அதுவும் தப்பு. கடப்பா மாவட்டம், பெத்தசெருவுப்பல்லெ, ராமர் கோயில் தெருவில் மகன் மகானந்தி ரெட்டி வீட்டில் வசித்து வருகிறேன். அது என் வீடு. என் புருஷன் கட்டியது.

இடுப்பு ஆபரேஷன் ஆன மறுநாளே என்னைக் கட்டாயப்படுத்தி நடக்கவைத்தாள், அதனால் மூட்டு இளகித்தான் நான் பிறகு விழுந்தேன் என்று, ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் தில்ஷாத் என்ற பெண்ணின்மேல் மேற்படி மகன் இந்த ஸ்டேஷனில் மனு கொடுத்திருக்கிறான். அது பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

சங்கராந்தி கழிந்து, மாட்டுக்கொட்டகையில் எருமைக்குத் தண்ணீர் காட்டும்போது சாணியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்து, டவுன் ஆஸ்பத்திரியில் புது மூட்டு வைத்தார்கள். மறுநாள் பெரிய டாக்டர் வந்து, இந்த மூட்டு இன்றைக்கே உங்கள் எடையைத் தாங்கும், காலை ஊன்றி நடங்கள், படுத்தே கிடந்தால்தான் கெடுதல் என்று என் மகன் முன்னிலையில் சொன்னார். மகன் தலையாட்டினான். அதன் பிறகு தில்ஷாத் வந்து வாக்கரைப் பிடிக்கச் சொல்லி நிற்கவைத்தாள். உயிர் போகிற வலி. அவளையும் அவள் வம்சத்தையும் வாயில் வந்தபடி திட்டினேன். அவள் சிரித்துக்கொண்டு, "திட்டுங்க அவ்வா, நல்லா திட்டுங்க. நின்னுக்கிட்டுத் திட்டாதீங்க, நடந்துக்கிட்டே திட்டுங்க" என்றாள். கதவுவரை நடந்தேன். அவள் கட்டாயப்படுத்தியது இவ்வளவுதான்.

அதன் பிறகு என் ஓரகத்தி லட்சுமிதேவி ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தாள், பாதி அழுகல். கூடவே தெருவும் வந்தது. அவள் என் மகனைப் பார்த்து, "ஏன்டா, நேத்து அறுத்த உடம்ப இன்னிக்கே நடக்க விடுறியே, அம்மா உனக்குப் பாரமாயிட்டாளா?" என்றாள். இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லோரும் கேட்க, "எங்கம்மா கால் தரையில படாம பாத்துக்குவேன் பெரியம்மா" என்றான். நன்றாகக் கவனித்துக்கொள்வேன் என்பதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பேச்சு அது. என் மகன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று காரைக் கோயிலண்டை நிறுத்தி, என்னை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேரை விட்டு உற்சவ மூர்த்தியைப்போல் வீடுவரை தூக்கிவரச் செய்தான். தெருவே வாசலில் நின்று பார்த்தது. பிள்ளை என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்கள். எனக்கு இடுப்பைவிட அதுதான் வலித்தது. அதன் பிறகு வாக்கரைப் பரண்மேல் ஏற்றிவிட்டான். படுத்தபடியே சோறு, படுத்தபடியே மற்றதும். மருமகள் ஸ்வர்ணலதா அள்ளிக் கொட்டினாள். முகம் சுளிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பச்சை உடம்பு என்று கோங்கூராக் கீரையும் இல்லை, காரப்பொடியும் இல்லை. தில்ஷாத் நடைபழக்க வீடு தேடி வந்தபோது மகன் கேட்டிலேயே நிறுத்தி, "எங்கம்மா நடந்துபோய்க் கூலி வேலையா செய்யணும்? போம்மா" என்றான். அவள் தெருவில் நின்றபடியே, "அவ்வா, கால ஊனுங்க! விட்டுட்டீங்கன்னா கால் மறந்துடும்!" என்று கத்திவிட்டுப் போனாள். எனக்குக் கேட்டது.

முதுகில் புண் வந்தது. தொடை குச்சியாகிவிட்டது. வாக்கரைக் கொடுடா என்றால், "ஊரு சிரிக்கும்மா" என்பான். இவன் குழந்தையில் நடக்கத் தாமதமானபோதும் ஊர் சிரித்தது. நொண்டிப் பிள்ளை என்று முதலில் சொன்னவள் இதே லட்சுமிதேவி. கிணற்றடியில் வைத்துச் சொன்னாள், குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல். நான் அவனுடைய நடைவண்டியைப் பரண்மேல் ஏற்றவில்லை. சிரித்தவர்கள் வாசல் வழியாகவே அவனை நடத்திக்கொண்டு போனேன்.

அதன் பிறகு உகாதியன்று பஞ்சாங்கம் கேட்க வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். எருமை தண்ணீருக்குக் கத்திக்கொண்டே இருந்தது. நான் எழுந்து, கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கொல்லைக் கதவுவரை போனேன். பண்டிகைக்கு மஞ்சள் பூசிய நிலைப்படி, உயரம். அதைத் தாண்டும்போது பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. என்னைத் தள்ளியவர் யாருமில்லை. தில்ஷாத் அன்று எங்கள் ஊரிலேயே இல்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூட்டு வைத்த இடத்தில் கல்லாட்டம் இருக்கிறது, நடக்காமல் கிடந்து காலில் பலம் போனதால்தான் விழுந்தீர்கள் என்றார்.

கால் தரையில் படாமல் பார்த்துக்கொண்டவனுடைய அம்மா முழுசாகத் தரையில் கிடந்தால் அவன் ஊருக்கு என்ன சொல்வான்? அந்தப் பெண் தலையில் போட்டான். இப்போது கேஸ் முடியும்வரை வரவேண்டாம் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என்னை நடக்கவைத்த ஒரே ஆள் அவள். நான் விழுந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. போலீஸார் வந்து ஏறிப் பார்க்கலாம்.

மகன்மேல் புகார் உண்டா என்று எஸ்.ஐ. கேட்டார். இல்லை. ஆனால் மனுவை அவன் திருப்பி வாங்கவேண்டும். வாக்கரை அவன் கையாலேயே இறக்கி, தெரு பார்க்க என் முன்னால் வைக்கவேண்டும். லட்சுமிதேவியும் பார்க்கவேண்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். அத்தனையும் நான் சொன்னது, அத்தனையும் நடந்தது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன். உட்கார்ந்து வைக்கச் சொன்னார்கள். பெண் கான்ஸ்டபிள் தோளில் சாய்ந்து நின்றுதான் வைக்கிறேன். என்னை இங்கே தூக்கிவந்த நாற்காலியோடு மகன் வெளியே காத்திருக்கிறான். அது காலியாகத்தான் திரும்பும்.

(இடது பெருவிரல் ரேகை)
ஓபுலம்மா