காத்து பிடிக்கிற நேரம்

அட, உக்காருங்க தம்பி. டயருக்குக் காத்துதானே, பின்னாடி பிடிச்சுட்டு இருக்கார். எங்க வீட்டுக்காரர் எதையும் நிதானமாத்தான் செய்வார். வாயைத் திறக்கிறது அதைவிட நிதானம். அதான் இப்போ அவர் பங்கையும் சேத்து நானே பேசிடுறேன்.

ரேஸ் டிராக்ல நல்லா ஓட்டுனீங்களா? முகத்தைப் பாத்தாலே தெரியுதே. வளைவுல திருப்புனா வண்டி தரையோட ஒட்டிக்கிட்டே வருதாம்ல இந்த டயர்ல. இங்க வர்றவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.

வீட்டுக்கும் இந்த டயர்லயேவா போறீங்க?

இல்ல, சும்மா கேட்டேன். ஓ, தினமும் ஆபீசுக்கும் இதேதானா? அது சரி. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. கோவிச்சுக்காதீங்க, எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இந்தாங்க, காபி. ஆறட்டும், மெதுவாக் குடிங்க. மழை இப்பதான் வலுத்திருக்கு.

ஆமா ஆமா, ரோட்டுல ஓட்டலாம்னு டயர் விக்கிறவங்களே சொல்றாங்க, நான் இல்லேங்கல. ஆனா சூடேறினாத்தான் இந்த ரப்பர் பிடிக்கும். டிராக்ல நீங்க விரட்டுற விரட்டுல சூடேறும். சிக்னல் சிக்னலா நின்னு போற ரோட்டுல எங்கேர்ந்து ஏறும்? அதுவும் மழையில? டயர் மேல வெட்டுற கோடும் பேருக்கு ரெண்டுதான் போட்டிருக்கான். ரோட்டுல நிக்கிற தண்ணி எது வழியா வெளிய போகும், சொல்லுங்க? போகாது. டயரையே தூக்கிடும். ஸ்டியரிங் உங்க கையில இருக்கும், வண்டி இருக்காது.

மெதுவாப் போவீங்களா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. மெதுவாப் போனா இது இன்னும் ஆறிப்போகும் தம்பி.

எந்திரிக்காதீங்க. சாவி அவர்கிட்ட இருக்கு.

எனக்கு மழைன்னாலே ஆகாது. வெளிய ஒரு வண்டி நின்னாப் போதும், எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வாசலுக்கு ஓடுவேன். யாரோ ஒருத்தர் நிப்பாங்க. திரும்பி வந்துடுவேன்.

என்ன சத்தமா? ம்... காத்து பிடிக்க ஜாக்கி எதுக்குன்னு கேக்குறீங்க. சரி, சொல்லிடுறேன். திட்டணும்னா என்னைத் திட்டுங்க, அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க சக்கரம் நாலையும் கழட்டிட்டு வேற நாலு மாட்டிட்டு இருக்கார். சாதா டயர், மழைக்கு நல்லாப் பிடிக்கும். உங்களோடது இங்க பத்திரமா இருக்கும், வெயில் அடிக்கிற அன்னைக்கு வந்து மாத்திக்குங்க.

சேருமா சேராதான்னு பாக்கவே வேணாம். நீங்க வண்டியை உள்ள விட்டப்பவே பாத்துட்டேன். அதே வண்டி, அதே நிறம். என் கூடப் பொறந்தவனோடது. இப்போ மாட்டுற சக்கரமும் அவனோடதுதான், டிராக்குக்குப் போறப்ப இங்க கழட்டி வெச்சது. போன மழைக்கு டிராக்ல இருந்து நேரா இங்க வந்தான். திருப்பி மாத்த நேரமாகும், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன்னு அதை இங்கயே வெச்சுட்டு, உங்களை மாதிரி டிராக் டயர்லயே கிளம்பினான். வீடு போய்ச் சேரல.

அதோ, முடிச்சுட்டார். கிளம்புங்க.

நானா? அவன்கிட்ட என்ன சொன்னேன்... பாத்துப் போடான்னு சொன்னேன். அன்னைக்கு எனக்கு இவ்வளவு பேசத் தெரியல தம்பி.