எழும்பு, போவம்

'எழும்பு, போவம் எண்டு சொல்ல இனி ஆள் இல்லை…' பிரான்சிஸ்கா தனக்குள் நினைத்தாள். நினைத்த உடனே நெஞ்சு சுட்டது. மரித்தோர் நாளில் நினைக்கிற நினைப்பா இது?

மாலை ஆறு மணி. பூநகரிப் பக்கமிருந்து மன்னாருக்கு வரும் வீதி. விடத்தல்தீவு தாண்ட முன்னமே அவர்கள் வந்த வாடகை வானின் சில்லு காற்றுப் போய்விட்டது. ஒரு பக்கம் கண்டல் காடு, அதற்கப்பால் கடல். மனுசச் சிலமனே இல்லை.

பிரான்சிஸ்கா மன்னார்த் தீவில் மீன்பிடிக் குடும்பத்துக்காரி. கணவன் றொட்னி கடலுக்குப் போய்த் திரும்பாதவன். உடலும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. வருடா வருடம் இந்த நாளில் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே நிற்கும் பெரிய சிலுவையடியில்தான் அவனுக்கு மெழுகுதிரி கொளுத்துவாள்.

அவன் உயிரோடு இருந்தபோது, கலியாண வீட்டிலோ பெருநாளிலோ அவள் நாலு பேரோடு சிரித்துக் கதைக்கத் தொடங்கினால் போதும். பின்னால் வந்து நிற்பான். "எழும்பு, போவம்." ஒருநாளும் அவள் மறுத்ததில்லை.

இந்த வருடம் தையல்கடைச் சிநேகிதிகள் ஜெயகௌரியும் றினோஸாவும் விடவில்லை. இருட்ட முன்னம் திரும்பிவிடலாம் என்று யாழ்ப்பாணம் கூட்டிப் போனார்கள். கோட்டை மதிலில் ஏறி நின்றாள். யாரும் கூப்பிடாத ஒரு முழுப் பகல்…

இப்போது மெழுகுதிரி கைப்பையிலேயே கிடந்தது.

"இங்கினையே கொளுத்துங்கோவன் அக்கா," என்றாள் ஜெயகௌரி. "எல்லாம் ஒரே கடல்தானே."

அவள் நறுவிலிக்குளத்து வயற்காரி, அவளுக்குத் தெரியாது. பிரான்சிஸ்காவுக்குத் தெரியும். பொழுதுபட்டபின் கரையில் கடலைப் பார்த்து வெளிச்சம் வைத்தால், அது வெளியே நிற்கும் படகைக் கரைக்குக் கூப்பிடுவது. தெரிந்தும், அவசரத்தில்… கண்டல் வேரடியில் தண்ணீரைப் பார்த்து வைத்துவிட்டாள்.

காற்று நன்றாக அடித்தது. சுடர் ஆடவில்லை. தண்ணீருக்குள் சளக்… சளக்… என்று ஒரு சத்தம்.

"மீன் துள்ளுது. மீன்காரி நீங்களே பயந்தா நாங்கள் என்ன செய்ய?" றினோஸா சிரித்தாள்.

றைவர் சில்லு மாற்றி முடித்தான். பிரான்சிஸ்காவுக்குப் பின் சீற்றில் யன்னல் மூலை. மற்ற இருவரும் முன் வரிசையில் ஏறி, நடைவழி மடக்குச் சீற்றை விரித்து யாழ்ப்பாணத்தில் வாங்கிய பனங்கட்டிப் பெட்டிகளை அடுக்கினார்கள். அவள் வெளியே வர வழி அடைபட்டது.

வான் ஓடியது. பாப்பாமோட்டை தாண்டும்போது, பக்கத்து வெற்று இடம் மெல்ல அமுங்கியது. மண்ணெண்ணெய் மணம்… பிறகு ஈர வலை மணம். அவளுடைய சட்டையின் ஒரு பக்கம் நனைந்து ஊறியது. கூப்பிட்டாள், வான் இரைச்சலில் எடுபடவில்லை. முன்னால் இருவரும் ஃபோனில் கோட்டைப் படங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மணிக்கட்டில் குளிர்ந்த விரல்கள். பெருவிரலில் வலைக்கயிறு அறுத்த தழும்பு. அந்தத் தழும்பை அவளுக்குத் தெரியும்.

மன்னார்த் தீவுக்குப் போகும் பாலம் வந்தது. இரண்டு பக்கமும் கருந்தண்ணீர்தான். வான் மெதுவாகி நின்றது. றைவர் கஜீபன் அன்றுதான் முதன்முதலாக இவர்களுக்கு ஓட வந்தவன், ஒருவரையும் தெரியாது. கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"அக்கா, சில்லு மாத்தின இடத்தில ஏறி உங்களுக்குப் பக்கத்தில இருக்கிற அண்ணா நிப்பாட்டச் சொல்றார். இறங்கப் போறியளோ?"

முன்னால் சிரிப்பு நின்றது.

விரல்கள் இறுகின. அவள் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்லைத் தம்பி," என்றாள் மெதுவாக. "நான் இறங்கேல்ல. நீங்கள் ஓடுங்கோ."