விடுங்க மாமா

லேத்துக்குத் தலைக்கனம் அதிகம், ஐயா. இரும்பு கடையும் எந்திரம், பார்க்க நீளமாக, சாதுவாகப் படுத்திருக்கும். ஆனால் மோட்டாரும் பல்சக்கரங்களும் இடது கோடியில் ஒரே பெட்டிக்குள் அடைந்திருப்பதால் பாரமெல்லாம் அந்தப் பக்கம்தான். நகர்த்தும்போது அதை மறந்தவன் காலை இழப்பான். என் மச்சினனுக்கும் பாரமெல்லாம் தலையில்தான். உள்ளே என்ன இருந்தது என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். எனக்கு அவன்மேல் கோபம் கிடையாது. கோபக்காரன் கடைசல் வேலைக்கு லாயக்கில்லை. இரும்பை மயிரிழை மயிரிழையாகச் சீவுகிறவனுக்குப் பொறுமைதான் சோறு போடுகிறது. என் மனைவியும் அதைத்தான் வேறு மாதிரி சொல்வாள்.

"விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போனதில்லைங்க. அவன் என் தம்பிதானே."

அந்தத் தம்பி ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தான். எந்த வாரம் போவான் என்று சொல்லவில்லை. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பான் என்பார்கள். இவன் பாய் கேட்கவில்லை, என் கட்டிலையே எடுத்துக்கொண்டான். "மாமா தரையில படுத்தா முதுகுக்கு நல்லதுக்கா" என்று அக்காவிடம் எனக்காகப் பரிந்து வேறு பேசினான்.

அவன் வாயில் எப்போதும் ஒரே பேச்சுதான். "விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்." குழாய் சொட்டியது, பார்த்துக்கொண்டான், கூடம் மிதந்தது. மின்விசிறி முனகியது, பார்த்துக்கொண்டான், தெருவே இருட்டில் உட்கார்ந்தது. என் மகள் புருஷனோடு ஏதோ மனத்தாங்கல் என்று இரண்டு நாள் இருந்துவிட்டுப் போக வந்தாள். மருமகனிடம் தான் பேசிப் பார்த்துக்கொள்வதாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள்.

ஒவ்வொரு தடவையும் நான் விட்டேன். விட்டு விட்டு, கடைசியில் என்னுடையது என்று மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன அறை ஒன்றுதான். முற்றத்தைவிடத் தாழ்வாக, சில படிகள் இறங்கிப் போகவேண்டிய அறை. ஒரே ஒரு ஜன்னல், ஆனால் நல்ல வெளிச்சம். நான் வேலை பார்த்த பட்டறையில் பழைய லேத்தைக் கழித்துக் கட்டியபோது அதை நானே வாங்கினேன். ஜன்னலோரம் அதைப் போட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு, யாரும் எதையும் பார்த்துக்கொள்ளாத ஓர் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். சிரிக்காதீர்கள்.

லேத்தை இறக்க வந்த மேஸ்திரி விவரமானவர். நான் எடுத்து வைத்திருந்த தடித்த பலகைகளைப் படிகளின் மேல் சாய்த்துப் போட்டார். லேத்துக்கு அடியில் இரும்புக் குழாய்களை உருளையாகக் கொடுத்தார். வடக்கயிற்றை அதில் கட்டி, மறுமுனையை முற்றத்துக் கல்தூணில் சுற்றி என் கையில் தந்தார். தூணில் சுற்று இருக்கும்வரை பிடிக்க ஒரு கை போதும். சுற்றைத் தளர்த்தினால் பாரம் இறங்கும்.

"எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் முன்னாடி மட்டும் நிக்கக் கூடாது" என்றார்.

மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. "விடுங்க மேஸ்திரி, நாங்க பாத்துக்கறோம். இதென்ன ராக்கெட்டா?"

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேன். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். நல்ல மனிதர், அவரை எதற்கு வம்பில் இழுத்துவிடுவது.

அவர்கள் போனதும் மச்சினன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். "மாமா, ஜன்னல் பக்கம் நமக்கு ஒரு சோபா போட்டுடலாம். லேத்தை மூலையில தள்ளிக்கலாம். மத்தியானம் ஒரு தூக்கம் போட இந்த ரூம்தான் குளுகுளுன்னு இருக்கு."

"லேத்துக்கு வெளிச்சம் வேணும் மச்சான்."

"அட, விடுங்க மாமா."

அப்போதும் நான் கோபப்படவில்லை. சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து அவனிடம் கொடுத்தேன். "சோபா கொள்ளுமான்னு எறங்கி அளந்து பாரேன்" என்றேன். லேத்தை ஒட்டிப் பலகையோரமாக இறங்கினவனுக்குக் கால் வழுக்கியது.

"என்ன மாமா, எண்ணெயா?"

"லேத் சுலபமா எறங்கட்டும்னுதான்."

"பரவாயில்லையே, உங்களுக்கும் மூளை வேலை செய்யுது" என்று பாராட்டினான். அவன் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

எண்ணெயைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? கடைசல்காரன் வீட்டுப் பலகையில் எண்ணெய் இல்லாமல் பன்னீரா இருக்கும்? சோபாப் பேச்சு வருவதற்கு முந்தின நாளே பலகைகளுக்குத் தடவி வைத்துவிட்டேன் என்பதும் உண்மைதான். நான் எதையும் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்வதில்லை.

மற்றபடி நடந்தது சின்ன விஷயம். விடுங்க மாமா என்று அவன் வாயால் சொன்னான். நான் விட்டேன். பெரியவர்கள் பேச்சைத் தட்டக் கூடாது என்பார்கள். நான் சின்னவன் பேச்சைக்கூடத் தட்டியதில்லை.

சத்தம் அடங்கியதும் இறங்கிப் போனேன். லேத்தின் படுகை, அதாவது அந்த நீளமான அடிப்பாகம், வளைந்திருக்கிறதா என்று இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். மயிரிழைகூட இல்லை. அந்தக் காலத்து வார்ப்பு அப்படி. அதன் பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இத்தனை வருஷம் விட்டுக்கொடுத்தவனிடம் இந்த ஒரு தடவை அவள் விட்டுக்கொடுக்கக் கூடாதா? எனக்கு மனசு வலிக்கத்தான் செய்கிறது, ஐயா.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் வேறு வார்த்தை காதில் விழுந்ததாகச் சொல்கிறாரா? அவர் பொய் சொல்கிறவர் இல்லை. சரி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தூணிலிருந்து ஒரு சுற்றை எடுத்ததும் லேத் ஒரு முழம் இறங்கி நின்றது. அவன் திரும்பினான். டேப்பின் நுனி அப்போதும் ஜன்னலோரச் சுவரில்தான் இருந்தது. "மாமா, பிடிங்க" என்றான். பலகையில் ஏறப் பார்த்தான், வழுக்கி விழுந்தான். "மாமா, பிடிங்க மாமா." கயிறு என் கையில்தான் இருந்தது. தூணில் இன்னும் ஒரு சுற்று மிச்சம் இருந்தது. ஒரு கை போதும்.

வந்த நாளிலிருந்து அவன் என்னைப் பிடிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பழக்கமில்லை.

"விடு மச்சான், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு விரல்களைத் திறந்தேன்.