கீழ் வரிசையில் ஒரு ரோஜாப்பூ

— தாய்மாமன் பதினோரு பேரா? ஒரு வயசு கொழந்தைக்கா?

— கூடப் பொறந்தவங்க மட்டும் இல்லண்ணே. சித்தப்பா பசங்க, பெரியப்பா பசங்க... எல்லாம் சேத்து.

— எங்க மண்ணூர்ல ஒரு மாமன வரவெக்கறதுக்கே ரெண்டு தபா போயி கூப்புடணும். நீ டஜனுக்கு ஒண்ணு கொறச்சலா கூட்டிகினு வந்துகீற.

— சிரிச்சது போதும் நாகப்பண்ணே, வேலையப் பாருங்க.

— பேரு எப்படித் தெரியும்?

— வெளிய போர்டுல அம்மாம் பெருசா போட்ருக்கே. நாகப்பன் பிளெக்ஸ்னு.

— அட ஆமா... உன் பேரு சொல்லும்மா, பைலுக்கு வெக்கணும்.

— இசைவாணி. பிள்ளைப்பாக்கம்.

— ஸ்க்ரீனப் பாரு இசைவாணி. நடுவுல பாப்பா, ரோஸ் கவுனு, சுத்தி பலூனு. "செல்வி தென்றல், முதலாம் ஆண்டு பிறந்தநாள் விழா". சரியா?

— சரிண்ணே.

— கீழ மாமன்மாருங்க. ஆறு பேரு ஒரு வரிசை, அதுக்குக் கீழ அஞ்சு. கடைசில ஒரு எடம் பல்லு வுழுந்த மாதிரி நிக்குது பாரு.

— நிக்கட்டும்.

— நல்லா இருக்காதும்மா. ஒரு ரோஜாப்பூ வெச்சு மூடிடறேன்.

— வெச்சுக்கோங்க.

— அம்மா அப்பா போட்டோ குடு. மேல ரெண்டு மூலைலயும் வட்டத்துக்குள்ள வரும்.

— அதெல்லாம் வேணாம்.

— பெத்தவங்களக் காணோம், மாமனுங்க மட்டும் கும்பலா நிக்கறாங்க... அப்பா எங்க?

— வேலைக்குப் போயிருக்காரு.

— வேலைக்குப் போனா போட்டோவும் கூடப் போயிடுமா?

— அண்ணே... சீக்கிரம் முடிங்க. பாப்பாவ பக்கத்து வூட்ல வுட்டுட்டு வந்துகீறேன்.

— பத்துக்கு எட்டு. பெரிய சைஸு. எங்க கட்டப்போற?

— கூட்ரோடுல. கம்பெனி பஸ்ஸெல்லாம் திரும்புது பாருங்க, அந்த எடம்.

— பிள்ளைப்பாக்கத்துல விசேஷம், ஒரகடம் கூட்ரோடுல பேனரா?

— ஷிஃப்டு மாறுறப்ப எல்லாரும் அந்த வழியாத்தான போறாங்க. பாக்கட்டுமே.

— அத்தினி பேருக்கும் கேக்கு குடுப்பியா?

— குடுப்பேன், குடுப்பேன். கட்டறதுக்கு ஆள் அனுப்புவீங்கல்ல?

— ஆள் இல்லம்மா. நீயே பாத்துக்கோ.

— உங்க தம்பி கட்டுவாரே... ஏணி தூக்கிகினு டிவிஎஸ்ல போவாரு. செந்தமிழன்.

— அவன் இல்ல.

— எங்க போயிருக்காரு?

— வாலாஜாபாத்ல. மாமியார் வூட்டு விசேஷம்.

— எப்ப வருவாரு?

— வருவான்... ஏம்மா, வெளிய அந்த வெள்ளை ஜீப்பு நிக்குதா பாரு. எட்டிப் பாக்காத. வாய் கொப்புளிக்கற மாதிரி போயி பாரு.

— ...நிக்குதுண்ணே. டீக்கடை ஓரமா. பானட்ட தொறந்து வெச்சிருக்காங்க.

— ரிப்பேராம்.

— எத்தன நாளா?

— ஒம்போது நாளா.

— ஒம்போது நாளா ரிப்பேரா?

— கவர்மெண்டு வண்டி. மெதுவாத்தான் ஆவும்.

— ஒம்போது நாளா...

— நீ இன்னாத்துக்கு எண்ணிகினு கீற? இங்க பாரு. இந்தப் போட்டோவெல்லாம் எங்க எடுத்தது?

— ஸ்டுடியோல.

— பதினோரு பேரும் ஒரே ஸ்டுடியோவா? எல்லாருக்கும் பின்னால ஒரே நீலம். ஒருத்தன் கூட சிரிக்கல. இருவது வருசமா பேனர் அடிக்கறேன்மா. மாமன்காரன் எப்படி போட்டோ குடுப்பான்? கூலிங் கிளாஸ் போட்டுகினு, பைக் மேல சாஞ்சுகினு, போன காதுல வெச்சுகினு குடுப்பான். இது கம்பெனி ஐ.டி. கார்டு போட்டோ. கழுத்துல கயிறு தெரியுது. ஒண்ணொண்ணா நான்தான் அழிச்சுகினு கீறேன்.

— வேற போட்டோ இல்லண்ணே. எல்லாம் அவங்க போன்ல இருந்துது. போன அவங்க புடுங்கி...

— யாரு புடுங்கி?

— தொலஞ்சுபோச்சுன்னு சொல்ல வந்தேன்.

— பதினோரு போனும் ஒண்ணாவா? சரி, வுடு. நாலாவது ஆளு பேரு இன்னா?

— லோகேஷ்.

— பெருசு பண்ணிப் பாத்தேன். பாப்பா கண்ணு அப்படியே இவன் கண்ணு. மாமன் ஜாடை வரும்தான்... மோவாய்ல அந்தக் குழி கூடவா வரும்?

— வரும்.

— வரும், வரும். இவங்க தலைக்கு மேல ஒரு வரி வரணுமே. "அன்புடன் வாழ்த்தும் தாய்மாமன்கள்"னு போட்டுடவா?

— இல்லண்ணே. "விழாவுக்கு வர இயலாத தாய்மாமன்கள்".

— வர இயலாத...

— ஆமா. அந்த எழுத்து பெருசா இருக்கட்டும். பாப்பா பேர விட பெருசா.

— இசைவாணி. மௌஸ வுட்டு கைய எடுத்துட்டேன் பாரு. இது அந்தப் பசங்கதான?

— எந்தப் பசங்க?

— கம்பெனி கேட்டாண்ட சங்கம் வேணும்னு குந்தினாங்களே, அவங்க.

— ...லோகேஷு என் வூட்டுக்காரரு. பாப்பா பொய்யில்லண்ணே. பொறந்தநாளும் பொய்யில்ல. நாளைக்குத்தான்.

— மெதுவா பேசு.

— சங்கத்தப் பதிவு பண்ணுங்கன்னு மனு குடுத்தாங்க. கேட்டாண்ட ரெண்டு நாள் குந்தினாங்க. ஒரு கல்லு எடுக்கல. நைட் ஷிஃப்டு முடிஞ்சு வேன்ல வந்துகினு இருந்தவங்கள கூட்ரோடுல நிறுத்தி வேற வண்டில ஏத்திகினு போயிட்டாங்க. ஒம்போது நாளாச்சு. ஸ்டேஷன்ல போயி கேட்டா நாங்க புடிக்கவே இல்லங்கறாங்க. "எவளோடவாவது போயிருப்பான், தேடு"ன்னு ஒருத்தரு சிரிக்கறாரு. பதினோரு பேருமா போவாங்க?

— வேன் டிரைவரு இருப்பானே?

— எல்லாரையும் அவங்கவங்க ஸ்டாப்புல எறக்கி வுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு.

— பேப்பர்ல?

— ஒரு வரி வரல. போன்ல எதுனா போட்டா ஒரு மணி நேரத்துல அழிஞ்சுபோவுது. நாங்க பொம்பளைங்க அஞ்சு பேரு சேந்து நின்னதுக்கு கேஸு. அதான் பொறந்தநாள் பேனர்னா யாரும் கேக்கமாட்டாங்கன்னு...

— கேப்பாங்கம்மா. ஸ்டேஷன்ல ஒரு வாட்ஸ்அப் குரூப்பு வெச்சிருக்காங்க. மண்ணூர்லேந்து வாலாஜாபாத் வரைக்கும் பதினேழு பிளெக்ஸ் கடை அதுல. எது அடிச்சாலும் மொதல்ல படத்த அதுல போடணும். ஓகேன்னு அவங்க கட்டைவிரல் வந்தாத்தான் மெஷின்ல ஏத்தணும்.

— செத்தவங்க பேனருக்குமா?

— கண்ணீர் அஞ்சலிக்கும்தான். போன வாரம் ஒரு பெரியவரு. கட்டைவிரல் வர்றதுக்குள்ள கருமாதியே முடிஞ்சுபோச்சு.

— அப்ப அனுப்பாம அடிங்க.

— அனுப்பாம அடிச்சாங்க, முன்ன பிளெக்ஸ் கடை வெச்சிருந்த பாஞ்சாலியம்மா. கடைக்கு சீல் வெச்சுட்டாங்க... இரு, போன் வருது. பேசாத. ஹலோ... ஐயா, வணக்கங்க... ஆமாங்க, ஒரு பொண்ணு வந்துகீது... பொறந்தநாள் பேனருங்க, ஒரு வயசு பாப்பா... இதோ அனுப்பறேங்க... ஐயா, அந்த விஷயம்... இன்னும் ரெண்டு நாளா? போன வாரமும் ரெண்டு நாளுன்னுதான... இல்லீங்க, நான் யார்ட்டயும் பேசலீங்க. சரிங்க. சரிங்க.

— அந்த ஜீப்புலேந்தா? என்னையா பாத்துகினு கீறாங்க?

— உன்ன இல்ல.

— பின்ன யார? எந்த விஷயம்ண்ணே அது?

— கரெண்டு கம்பம் ஒண்ணு மாத்தணும்... நீ கெளம்பு தாயே. வேற கடை பாரு.

— வேற பதினாறு கடை இருக்குதுன்னு எனக்கும் தெரியும்.

— தெரிஞ்சே இங்க எதுக்கு வந்த?

— ஆளக் கொண்டாந்து கண்ணுல காட்டுங்கன்னு வக்கீலம்மா ஐகோர்ட்டுல மனு போட்டிருக்காங்க. நாளன்னிக்கு வருது. புடிச்சுகினு போனத பாத்தேன்னு ஒருத்தராவது சொல்லணுமாம். இல்லாங்காட்டி நிக்காதாம்.

— பாத்தவங்க இருந்தா சொல்லுவாங்க.

— அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு அவரத் தேடிகினு கூட்ரோடு போனேண்ணே. ஒரு காதுகுத்து பேனர் நின்னுது. ஒரு பக்கம் மட்டும் கட்டி, இன்னொரு பக்கம் மடிஞ்சு தொங்கிகினு இருந்துது. மொத நாள் ராத்திரி அவர வேன் ஏத்திவுட நான் அங்கதான் நின்னேன். அப்ப அந்த பேனரு இல்ல.

— காத்துல அவுந்திருக்கும்.

— அவுறல. அந்தப் பக்கம் கட்டவே இல்ல. கயிறு முடிச்சு போடாம புதுசா கீது. நான் கையில புடிச்சுப் பாத்தேன்.

— ஊர்ல எத்தினியோ பேனரு...

— மூலைல சின்னதா கடை பேரு, போன் நம்பரு. நாகப்பன் பிளெக்ஸ். எல்லா பேனர்லயும் போடறீங்களே.

— அது... விளம்பரத்துக்குப் போடறது.

— அதப் பாத்துத்தான் வந்தேன். உங்க தம்பியப் பாக்கணும்னு வந்தேன். காலைல அஞ்சு மணிக்கு, ட்ராபிக் வர்றதுக்கு முன்னாடி, நீங்க ரெண்டு பேரும்தான் போயி கட்டுவீங்கன்னு டீக்கடைல சொன்னாங்க.

— நான் ஒண்ணும் பாக்கல.

— அப்ப பாதில எதுக்கு வுட்டுட்டு வந்தீங்க?

— மழை.

— அன்னிக்கு மழை இல்லண்ணே.

— அந்தத் தண்ணி பாட்டில எடு.

— இந்தாங்க. சொல்றவங்க பேரு வெளிய வராதாம், மூடின கவர்லயே ஜட்ஜுகிட்ட குடுக்கலாமாம். "பாத்தேன்". ஒரு வார்த்த.

— அந்த ஒரு வார்த்தையச் சொல்லாம இருந்தா ரெண்டு நாள்ல வுட்டுடறோம்னு சொன்னாங்க.

— யார வுட்டுடறோம்னு?

— வக்கீலம்மா நம்பர எழுது. பேப்பர்ல எழுது, போன்ல வேணாம்.

— எழுதறேன்... இன்னா சத்தம் அது? மெஷினா?

— ரோலு ஏத்திட்டேன். ஒரு மணி நேரத்துல ஓடிடும்.

— அந்த ஐயா படம் அனுப்பச் சொன்னாரே?

— போன மாசம் அடிச்ச பாப்பா பேனரு ஒண்ணு கீது. அத அனுப்பினேன். கட்டைவிரல் வந்துடுச்சு.

— இன்னிக்கு சாயந்திரமே பாத்துடுவாங்கண்ணே. கூட்ரோடுல.

— பாக்கட்டும். பாக்கத்தான அடிக்கறது.

— யார வுட்டுடறோம்னாங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே...

— ரோஜாப்பூவ எடுத்துட்டேன். கீழ் வரிசைல கடைசி எடத்தப் பாரு. கூலிங் கிளாஸு, பைக்கு... அவங்கிட்ட ஐ.டி. கார்டெல்லாம் ஏது? வாலாஜாபாத்துக்கு எங்கயும் போவலம்மா. அந்தப் பசங்கள வண்டில ஏத்தறப்ப ஏணி மேல நின்னுகினு போன்ல படம் புடிச்சான் செந்தமிழன். நான் கீழ ஏணியப் புடிச்சுகினு நின்னேன்.