கட்டைவிரல் பள்ளம்

"பெடியன் நல்லா உருண்டு திரண்டு இருக்கிறான். என்ன குடுக்கிறனீர்?" என்று கேட்டேன்.

"ரொட்டியும் பாலு போடாத சாயத்தண்ணியுந்தாங்க. பவுடர் பாலு குடிச்சா வயித்தால போகுதுன்னாங்க, நிப்பாட்டிட்டேன்" என்றாள் அவன் தாய் வேலாயி. "அதுக்கப்புறந்தான் அழகரு கன்னமெல்லாம் உப்பி, சின்னக் கங்காணி மாதிரி ஆயிட்டான்."

இருவரும் சிரித்தோம். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையில் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா அது. 1956.

வாசகர்களுக்கு என்னைத் தெரியும். இரகுநாதன், பதுளையிலிருந்து வாராவாரம் இந்தப் பக்கத்தில் விஞ்ஞானம் எழுதுகிறவன். வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த வாரக் கட்டுரையைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களில் உரக்க வாசியுங்கள். எனக்கு வேறு வழியில்லை.

தோட்டங்களில் இலவசமாகக் கொடுத்த பால்மா தேவையில்லை என்று நான் எழுதினேன். தேவை என்று டொக்டர் குமாரசிங்கம் எழுதினார். அசுத்தத் தண்ணீரில் கரைத்தால் வயிற்றோட்டம் வரும் என்றுதான் தொடங்கினேன். அது உண்மை. பிறகு ஒரு கலியாண வீட்டில் அவர், "இரகுநாதன் பாலைக் கண்டது தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள மட்டுந்தான்" என்றார். பந்தி முழுவதும் சிரித்தது. என் மனைவி லீலாதேவியும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது.

படம் எடுப்பதற்காக அழகரைத் தூக்கி வாங்குப் பலகையில் இருத்தினேன். என் கட்டைவிரல் அவன் காலில் பதிந்தது. விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. அது கொழுப்பல்ல, நீர். புரதமில்லாத உடம்பில் கட்டும் வீக்கம். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் அதை விளக்கியவன் நான்.

பள்ளம் மறையும்வரை காத்திருந்து படமெடுத்தேன்.

'பால்மா இல்லாமலே கொழுத்த பிள்ளை' என்று தலைப்புப் போட்டேன். டொக்டர் எழுதிய பதில் யாருடைய காதிலும் ஏறவில்லை. லயச் சுவர்களில் படத்தை ஒட்டினார்களாம். பாலைச் சாக்கடைக் கானில் ஊற்றினார்களாம். நான் யாரையும் ஊற்றச் சொல்லவில்லை. என் மகள் யோகமலர் அந்த மாதங்களிலும் காலையும் மாலையும் பால்மா குடித்தாள். அது தாயின் பொறுப்பு. வீட்டுக் காரியங்களில் நான் தலையிடுவதில்லை.

ஐந்தாவது வாரம் அழகர் இறந்தான். நான்கு வரித் திருத்தம் எழுதியிருந்தால் போதும். எழுத உட்காரும்போதெல்லாம் அந்தப் பந்தியின் சிரிப்புக் கேட்கும்.

வேலாயி மூன்று முறை என் வீட்டுக்கு வந்தாள். லீலாதேவி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேங்க" என்று எழுந்து போய்விடுவாள். மகனின் படத்தைக் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல. ஒரு பிரதி எடுத்து வைத்தேன். நேற்று நான்காவது முறை வந்தபோது நீட்டினேன்.

அவள் கை நீட்டவில்லை.

"படம் வேணாங்கய்யா. அதுதான் எல்லா லயத்துலயும் இருக்கே. என் தங்கச்சி புள்ளைக்கும் இப்பக் காலு உப்புது. அவ அந்தப் படத்தைப் பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போறா. நான் சொன்னா, பேப்பர்ல போட்டிருக்கேங்கிறா. எம்புள்ள செத்துட்டான்னும் பேப்பர்ல போடுங்கய்யா."