செங்கல் இல்லாத இடம்

பூச்சுச் சுவரில் கனமான ஷெல்ஃப் மாட்டுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே செங்கல் இருந்தால் சத்தம் கெட்டியாக வரும். வெற்றிடம் என்றால் பொத்தென்று கேட்கும். கெட்டியான இடத்தில் துளை போட்டால் சிவப்புத் தூள் கொட்டும், ஸ்க்ரூ ஆடாமல் நிற்கும். முப்பத்தெட்டு வருடம் சுவர் பூசியவன் நான். கூட வேலை செய்தவர்கள் என்னைக் 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் நானும் மகனும்தான். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. மகன் கட்டட வரைபடம் போடுகிறவன். நல்ல பிள்ளை, இந்த வயதிலும் என் பேச்சைத் தட்டியதில்லை. ஒருமுறை ஏதோ பயிற்சி என்று பத்து நாள் வெளியூர் போனான். அந்தப் பத்து நாளில் நான் பேசியது நாலே வார்த்தை, நாலும் பால்காரரிடம். எனக்குத் தனியாக இருக்கப் பயம், ஐயா. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

அப்புறம் அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. வியாழக்கிழமை விமானம்.

"என்ன வேணும்னாலும் சொல்லுங்கப்பா, முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்றான்.

அம்மாவின் தையல் மெஷின்கள் இரண்டும் தரையில் கிடக்கின்றன, உன் அறையில் ஒரு ஷெல்ஃப் மாட்டி ஏற்றி வைத்துவிடேன் என்றேன். இரண்டும் பழைய இரும்பு. ஒன்றைத் தூக்கவே மூச்சு வாங்கும்.

அந்த அறையில் ஒரு காலத்தில் ஜன்னல் இருந்தது. மகன் பிறப்பதற்கு முன்பே, பக்கத்து வீட்டுச் சுவர் எழும்பியபோது நான்தான் அதை அடைத்தேன். செங்கல் வாங்கச் சோம்பல்பட்டு, மரச்சட்டம் கட்டி, கோழிவலை அடித்து, மேலே பூசிவிட்டேன். பூசிய பிறகு எது செங்கல், எது வெற்றிடம் என்று எந்தக் கொம்பனாலும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. விஷயம் எனக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

"எங்கப்பா போடட்டும்?" என்று டிரில்லிங் மெஷினோடு நின்றான். நான் தட்டிப் பார்த்து, பென்சிலால் ஆறு புள்ளி வைத்தேன். மெஷின் சட்டென்று உள்ளே பாய்ந்தது. விழுந்த தூளில் சிவப்பே இல்லை.

"அப்பா, செங்கலே இல்லாத மாதிரி இருக்கே?"

"பூச்சு தடிமன்டா. நான் பூசினது எனக்குத் தெரியாதா?"

சிரித்துக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்கினான். தையல் மெஷின்கள் இரண்டையும் தூக்கி ஷெல்ஃபில் ஏற்றினான்.

கட்டிலை அந்தச் சுவரோரம் நகர்த்தியது நான். ஃபேன் காற்று அங்கே நன்றாக வரும் என்றேன். ஷெல்ஃப் அவன் கால்மாட்டுக்கு மேலே வரும்படி அளந்துதான் புள்ளி வைத்திருந்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. ஒரு கால் ஒடிந்தால் நாலு மாதம் வீட்டோடு இருப்பான், அதற்குள் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். வேலை செய்த அலுப்பு; படுத்ததும் தூங்கிப்போனான். நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிராக்கெட்டைச் சுற்றி முடி போல ஒரு விரிசல் விட்டது. ஒரு விரிசல் எவ்வளவு நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அப்போது அவன் புரண்டு, கால்மாட்டுப் பக்கம் நழுவி, கால் கட்டிலுக்கு வெளியே தொங்கக் குப்புறப் படுத்தான். மெஷின்களுக்கு நேர் கீழே இப்போது அவன் இடுப்பு இருந்தது.

எழுப்பியிருக்கலாம். கால் மணி நேரம் இருந்தது. எழுப்பினால் விரிசலைப் பார்ப்பான், ஷெல்ஃபை இறக்குவான், வியாழக்கிழமை போய்விடுவான். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசு வரவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே அவனுக்கு அசைவில்லை. குளிப்பாட்டினேன், தூக்கி உட்காரவைத்தேன், சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். நான் இவ்வளவு சந்தோஷமாக ஒருநாளும் இருந்ததில்லை. பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், "அப்பா மேல தப்பில்ல. வயசாச்சு, காது மந்தமாயிடுச்சு" என்று சொன்னான். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் அதே கம்பெனி மறுபடி கூப்பிட்டது. உட்கார்ந்து செய்கிற வேலைதானே, சக்கர நாற்காலியோடு வரலாம், எல்லா வசதியும் செய்து தருகிறோம் என்கிறார்களாம்.

"எத்தனை நாளைக்குத்தான்பா என்னைத் தூக்கிச் சுமப்பீங்க? நீங்களும் கொஞ்சம் நிம்மதியா இருங்க" என்றான். வெள்ளிக்கிழமை கிளம்புகிறான்.

அதனால்தான் இன்று காலை நானே இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். என் காது மந்தம் இல்லை. தெரிந்தேதான் செய்தேன், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என்ன தண்டனை என்று நான் கேட்கவில்லை. இந்த மாதிரி வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். வாய்தாவுக்கு வாய்தா அவன் சாட்சி சொல்ல வர வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது, இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள் அவன் கைக்குச் சம்மன் போய்ச் சேர்ந்துவிடுமா, ஐயா?