வெயிலுகந்தா நக்கிப் பாத்த சாக்கு

அப்ப தாது வருஷப் பஞ்சம். நெடுங்கரடுன்னு ஒரு ஊரு. நம்ம ஊருதான், அப்பவும் கரடு, இப்பவும் கரடு. கெணத்துல தவளைகூடச் செத்துப்போச்சாம். இலங்கைக்குக் கப்பலேறியாவது பொழைப்போம்னு அம்பது சனம் தொண்டிக்கு நடையக் கட்டுச்சாம். பவுர்ணமிக்குக் கப்பல். அத விட்டா அடுத்த கப்பல் வரைக்கும் ஒருத்தர் உசுரும் தாங்காது.

முன்னால நடந்தவன் தவசி. "தொண்டியா? கண்ணக் கட்டிவிட்டாலும் போவேனே"ன்னு நெஞ்ச நிமித்துனவன். அவன் பொண்டாட்டி வெயிலுகந்தாவுக்கு மட்டும் தெரியும், இந்த மனுசன் சந்தையத் தாண்டி ஒரு எட்டு வச்சதில்லன்னு. பெறகு ஏன் வாயத் தொறக்கலன்னு கேப்பீக. சொன்னா ஒருத்தரும் கெளம்பியிருக்க மாட்டாக, அங்கனயே கெடந்து செத்திருப்பாக. அதான். இடுப்புல கைப்பிள்ளையோட அவளும் நடந்தா. நடந்தாக, நடந்தாக, நடந்துக்கிட்டே இருந்தாக.

ஒரு எடத்துல பாதை ரெண்டாப் பிரியுது. தவசி திருதிருன்னு முழிக்கிறான். "எங்க உசுரோட வெளையாடுறியாடா"ன்னு சனம் கம்பத் தூக்கிருச்சு.

அந்நேரம் ரெண்டு யாவாரிக வந்தாகளாம், வெறுஞ்சாக்கு போட்ட பொதிமாடுகளோட. ஆளுக்கு ஒரு பாதையில திரும்புறாக. வழி கேட்டா, "உப்பு அள்ளத் தொண்டிக்குத்தான் போறேன், எம் பின்னால வாங்க"ன்னு ரெண்டு பேரும் ஒரே பாட்டு. பஞ்ச காலத்துல வழியெல்லாம் களவு. கூட அம்பது பேரு வந்தா மாட்டுக்குக் காவலாச்சுல்ல.

வெயிலுகந்தா பிள்ளையப் புருசன் கையில குடுத்தா. விறுவிறுன்னு போயி ஒருத்தன் சாக்க நக்குனா. தூ, தவிட்டுப் புழுதி. மத்தவன் சாக்க நக்குனா. வெடிச்ச உதடு சுரீர்னுச்சாம்.

"உப்புச் சாக்கு இதுதான். நடங்க மாமா."

"நானா?"

"நீங்கதான வழி தெரிஞ்சவரு. முன்னால நடங்க."

கம்பத் தூக்குன கையெல்லாம் எறங்கிருச்சு. பவுர்ணமிக்கு அம்பது பேரும் கப்பலேறிட்டாக.

அந்த உப்பு யாவாரிதான் சந்தை சந்தையா இதச் சொல்லித் திரிஞ்சானாம். அவ திரும்பி வரல, தேயிலைத் தோட்டத்துலயே மண்ணாப் போனா. அவ பிள்ளை வந்துச்சு. அந்த வழியில வந்தவன்தான் நான்.

பாதை பிரிஞ்ச எடத்துக்கு உப்புமுக்குன்னு பேரு. இன்னைக்கும் நம்ம பய எவன் வெளிநாடு கெளம்புனாலும் அங்கன கார நிப்பாட்டி, பொண்டாட்டி கையால நாக்குல ஒரு கல்லு உப்பு வாங்கிக்கிட்டுத்தான் போவான். கல்யாணம் ஆகாதவனுக்கு ஆத்தா வைப்பா. ஏரோப்பிளேனத் தவறவிட்டாலும் விடுவான், வெயிலுகந்தா உப்ப விட மாட்டான்.